மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்களும் பரந்தன் சந்தியின் கறுப்பு ஒயிலும்

கனடாவின் ஸ்காபரோ நகரில் வாழும் என் மருமகன் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தான். தன் காருக்கு எஞ்சின் ஒயிலைத் தானே மாற்றிவிட்டதாகச் சொன்னான். குரலில் அப்படியொரு பெருமிதம். நான் மெச்சி முடிப்பதற்குள், "மாமா, நீங்களும் பரந்தனிலை இருக்கேக்கை மோட்டார் சைக்கிளுக்கு நீங்களே ஒயில் மாத்துவீங்களெண்டு அம்மா சொல்லுறவ. உண்மையோ?" என்று கேட்டான்.

உண்மைதான். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. ஏன் என்பதை அன்று தொலைபேசியில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அவனைப் போன்றவர்கள் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். எஞ்சின் ஒயிலுக்கு ஒரு வரலாறா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். வன்னியில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பரந்தனை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடையில் இருப்பது பரந்தன் சந்தி. கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதி இங்கிருந்துதான் பிரிகிறது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் ஒருபுறம். 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை மறுபுறம். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த அத்தொழிற்சாலை 1980களிலேயே போரினால் மூடப்பட்டுவிட்டது. எனினும் உழவு இயந்திரங்கள், நெல் ஏற்றும் லொறிகள், நீரிறைக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஓயாமல் ஓடிய ஊர் என்பதால், சந்தியைச் சுற்றி எப்போதும் ஒயில் மணம் இருந்தது. தார் வீதியின் ஓரத்து மண் கறுப்பாகவே இருக்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. வடக்குக்குச் செல்லும் பொருட்களின் மீது அரசாங்கம் பொருளாதாரத் தடையை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் என்று நீண்ட அந்தத் தடையைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் படித்த பிள்ளைகளைப் பற்றியும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். நானும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒயிலைப் பற்றி.

விளக்கெரிக்கவென்று சங்கக் கடைகளில் பங்கீட்டுக்குக் கிடைத்த மண்ணெண்ணெயே வாகனங்களுக்கும் உணவாயிற்று. ஒரு சிறு பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். அதில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். வெண்புகை கண்ணைக் கரிக்கும். சட்டையிலிருந்து சோற்றுக் கோப்பை வரை அதே வாடை. யாழ்ப்பாணத்துப் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் இந்த உணவை ஓரளவு சகித்துக்கொண்டன. அவற்றின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு என்பதே காரணம். மோட்டார் சைக்கிள்கள் இருமிக்கொண்டும் முட்டிக்கொண்டும் ஓடின.

இதை நம் மக்களின் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படுவோர் உண்டு. தேவையின் பெருமை நம்முடையது, உத்தி பழையது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் உழவர்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில்தான் உழவு இயந்திரங்களை ஓட்டினார்கள். புகழ்பெற்ற சாம்பல் நிற பேர்குசன் இயந்திரத்துக்கு அப்படியொரு தனி வகையே இருந்தது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மற்றத் தாங்கிக்கு மாற்றுவார்கள். நம்மூர் வெங்காயத் தோட்டங்களில் நீரிறைத்த இயந்திரங்களும் தடைக்கு முன்பிருந்தே இதே முறையில் இயங்கியவைதான்.

சிக்கல் தாங்கியில் அன்று, எஞ்சினின் அடிவயிற்றில் இருந்தது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து, அங்குள்ள ஒயிலோடு கலந்துவிடும். அதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. உலகெங்கும் ஓடும் எஞ்சினில் ஒயில் குறையும். எங்கள் எஞ்சின்களில் ஒயில் கூடியது! அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மேற்கோட்டையும் தாண்டி நிற்கும். விபரம் தெரியாதவர்கள் அதைக் கண்டு நிம்மதி அடைந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் வெறுமையானதன் பின், கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்த இலட்சக்கணக்கானோருள் நானும் என் தாயாரும் இருந்தோம். பரந்தனில் உறவினர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டோம். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்திருந்த எனக்கு அப்போது வயது இருபதுகளின் நடுவில். சொத்து என்று இருந்தது, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்த ஒரு ஹொண்டா சி-90 மோட்டார் சைக்கிள் மட்டுமே. செய்தி தேடி ஓடுவதற்கும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் அதுதான்.

சந்திக்கு அருகே ஒரு கிடுகுக் கொட்டிலில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. ஒரு நாள் என் அளவுகோலை உருவிப் பார்த்தவர் இரு விரல்களுக்கிடையே ஒயிலைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரலை என் மூக்கருகே நீட்டினார்.

"மணந்து பாரும் தம்பி. உது ஒயில் இல்லை. விளக்குக்கு விடலாம்."

அன்றுதான் ஒயில் மாற்றும் முறையை எனக்குக் கற்றுத் தந்தார். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். சூடான ஒயில்தான் அழுக்கையும் அள்ளிக்கொண்டு விரைவாக வடியும். மோட்டார் சைக்கிளை நடுத்தாங்கியில் நேராக நிறுத்த வேண்டும். சரிந்து நின்றால் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். அடியில் தட்டம் வைத்து, பதினேழு மில்லிமீற்றர் ஸ்பனரால் வடிகால் போல்ட்டைக் கழற்ற வேண்டும். கடைசித் திருப்பத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இழுத்துவிடுவது ஒரு கலை. இன்றைக்கும் எனக்குச் சரியாக வராது. வடிந்து முடிந்ததும் போல்ட்டின் நுனியில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். மை போன்ற கறுப்பு என்றால் பாதகமில்லை. மினுங்கும் துகள்கள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். வொஷரைத் துடைத்துத் திரும்பப் போட்டு, அளவாக இறுக்க வேண்டும். அந்த எஞ்சின் அலுமினிய உடல் கொண்டது. பலசாலிகள் இறுக்கினால் புரி கழன்றுவிடும், வன்னியில் அதற்கு மாற்று இல்லை. பிறகு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் புதிய ஒயில். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் அளவுகோல்.

கறுப்பு நிறத்தைப் பற்றி அவர் சொன்னதைப் பல ஆண்டுகளின் பின் நூல்களிலும் படித்தேன். நல்ல ஒயில் கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வதற்கான இரசாயனங்களைக் கொண்டது. ஆகவே கறுப்பது அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, வழுவழுப்பையும் மணத்தையும். இந்த வகை மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலிலேயே குளிக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒயில் மெலிந்தால் மூன்றும் சேர்ந்தே தேயும்.

சரி, புதிய ஒயிலுக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் கொழும்பின் கதையையும் சொல்ல வேண்டும். 1961இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கையில்தான் நாட்டின் உராய்வு எண்ணெய் வணிகம் நெடுங்காலம் இருந்தது. 1992இல் அது லங்கா லூப்ரிகன்ற்ஸ் என்ற தனி நிறுவனமாக்கப்பட்டது. 1994இல் அதன் 51 சதவீதப் பங்குகளைக் கால்ரெக்ஸ் வாங்கியது. இன்றைய செவ்ரோன் லூப்ரிகன்ற்ஸ் அதுவே. தனியார்மயத்தின் வெற்றிக்கதை என்று கொழும்பின் வணிகப் பக்கங்கள் அதை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நாங்கள் ஒரு போத்தல் ஒயிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒரே நாட்டின் வரைபடம்தான். ஆனால் அந்த விற்பனை எல்லை ஓமந்தைக்குத் தெற்கிலேயே முடிந்துவிட்டது.

ஆகவே அண்ணை பழைய ஒயிலைத் திரும்பப் பிறப்பித்தார். வடித்த கறுப்பு ஒயிலைப் பெரிய கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, கொட்டிலின் பின்புறத்தில் வரிசையாக வைத்திருந்தார். வாரக்கணக்கில் அசையாமல் நின்றால் கசடு அடியில் படியும். மேலே உள்ளதை மட்டும் இறுத்து, பழைய வேட்டித் துணியை மடித்து வடிகட்டுவார். பின்னர் தாச்சியில் மணலை நிரப்பி, மணலுக்குள் பேணியைப் புதைத்து, மெல்லிய சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகப் போகும்வரை காத்திருப்பார். ஆபத்தான வேலை. அவருடைய இடது முன்கையில் இருந்த தழும்பு அதற்குச் சான்று. இப்படிப் பிறந்தது புதிய ஒயிலாகாது. சேர்த்த இரசாயனங்கள் செத்துப் போயிருக்கும், அமிலங்கள் தங்கியிருக்கும். அதை அவரே சொல்லித்தான் கொடுப்பார். "உது கஞ்சி தம்பி, சோறில்லை. ஆனால் பட்டினி கிடக்கிறதுக்குக் கஞ்சி நல்லது."

தேங்காய் எண்ணெயை விட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்தார். சூட்டில் பிசினாகும், மார்கழிக் குளிரிலோ உறையும் என்றார். இருபத்துநான்கு பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பது எந்தச் சமையலறைக்கும் தெரியும். கலைப்பட்டதாரிக்குத் தெரியவில்லை! ஆனால் தாவர எண்ணெய் என்ற என் எண்ணம் முழு மூடத்தனம் அல்ல என்பதைப் பின்னர் அறிந்து ஆறுதல் அடைந்தேன். காஸ்ட்ரோல் என்ற உலகப் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. 1909இல் சார்ள்ஸ் வேக்பீல்டின் நிறுவனம் ஆமணக்கெண்ணெய் கலந்து உருவாக்கிய எஞ்சின் எண்ணெய்க்கு இட்ட பெயர் அது. முதலாம் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்களிலும் ஆமணக்கெண்ணெய்தான். அது பெற்றோலில் எளிதில் கரையாது என்பதால் தேர்ந்தார்கள். நம் பாட்டிமார் வயிறு கழுவக் கொடுத்த அதே எண்ணெயின் புகையை ஆகாயத்தில் சுவாசித்த விமானிகளின் பாடு பற்றிப் பல வேடிக்கைக் கதைகள் உண்டு. நம்முடைய மாட்டுவண்டில்களின் அச்சுக்கு நாம் நெடுங்காலமாகச் செய்துவந்ததை அவர்கள் ஆகாயத்தில் செய்தார்கள்.

1996 ஆனியில், வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் மூலம் எனக்கு ஒரு லீற்றர் புதிய ஒயில் கிடைத்தது. முத்திரை உடைக்காத போத்தல். என்ன விலை கொடுத்தேன் என்பதை அம்மாவிடமே சொல்லவில்லை. அண்ணையிடம் காட்டினேன். உடனே மாற்றிவிடும்படி சொன்னார். என் எஞ்சினில் அப்போது இருந்தது இரண்டாவது முறை வடித்த கஞ்சி. அளவுகோல் மீண்டும் மேற்கோட்டைத் தாண்டியிருந்தது.

நான் மாற்றவில்லை. இவ்வளவு அருமையான பொருளை இப்போதே ஊற்றிவிடுவதா என்று தோன்றியது. மண்ணெண்ணெயில் ஓடினால் இதுவும் சில வாரங்களில் கெட்டுவிடும் அல்லவா? மேலும் மோசமான நாள் ஒன்று வரும், அதற்கென்று இருக்கட்டும் என்று பெட்டியின் அடியில், துணிகளுக்குள் வைத்தேன். உப்பு வணிகரான உமணர் வண்டிலின் அடியில் சேம அச்சுக் கட்டிக்கொண்டு போவதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்கியிருக்கிறார். என் சேம அச்சு அந்தப் போத்தல் என்று நினைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் படித்த தமிழ் இப்படியான இடங்களில்தான் உதவிக்கு வந்து ஆளைக் கெடுக்கும்.

ஜூலை 18இல் முல்லைத்தீவு முகாம் தாக்கப்பட்டது. ஜூலை 26இல் ஆனையிறவிலிருந்து பரந்தனை நோக்கிச் 'சத்ஜய' நடவடிக்கை தொடங்கியது. எறிகணைகள் சந்தியைத் தாண்டி விழத் தொடங்கியதும் ஊர் எழுந்தது. அம்மாவைப் பின்னால் ஏற்றி, மடியில் பெட்டியைக் கொடுத்து, முல்லைத்தீவு வீதியில் கிழக்கே புறப்பட்டேன். முரசுமோட்டையைத் தாண்டும்வரை ஓடியது. வீதி நிறைய வண்டில்கள், ஆடுமாடுகள், உழவு இயந்திரங்கள். முதல் கியரிலேயே ஊர்ந்தோம். காற்றுப்படாமல் எஞ்சின் கொதித்தது. தருமபுரத்துக்குச் சில மைல்களுக்கு முன்னால் ஒரு கிறீச்சொலி. பின்சில்லு இறுகி நின்றது. உதைத்துப் பார்த்தேன். மிதி கல்லைப் போல் அசையவில்லை. பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது.

வீதியோரம் இறங்கி நின்றோம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மூட்டுவலி, நடக்க முடியாது. அரை மணி நேரத்தின் பின் ஓர் உழவு இயந்திரக்காரர், ஏற்கெனவே நிரம்பி வழிந்த பெட்டியில் அம்மாவுக்கு மட்டும் இடம் தந்தார். காசு கொடுத்தேன், வேண்டாம் என்றார். அப்போதுதான் அம்மா பெட்டியைத் திறந்து, துணிகளுக்குள் கைவிட்டு, போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினார். அதுவரை அம்மாவுக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. அங்கேயே நின்று, முத்திரையை உடைத்துத் தன் எஞ்சினுக்குள் ஊற்றினார். நான் சி-90ஐ ஒரு பனையோடு சாய்த்துவிட்டு நடந்தேன்.

அந்த மோட்டார் சைக்கிளைத் திரும்ப எடுக்கவில்லை. அண்ணையைப் பிறகு ஒரேயொரு முறை, 1997இல் புதுக்குடியிருப்பில், ஒரு மரத்தின் கீழ் கண்டேன். அதே போத்தல் வரிசை. கதையைச் சொன்னேன். "பூட்டி வைச்ச ஒயில் எஞ்சினுக்குத் தெரியாது தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் யாருடையதோ கார்புரேற்றரைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாயிற்று, தடைகள் தளர்ந்தன, ஏப்ரலில் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. பரந்தன் சந்தியில் ஒயில் பேணிகள் அடுக்கிய கடைகள் முளைத்தன. பல நிறப் பேணிகளை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவர்களுள் நானும் ஒருவன். 20 டபிள்யூ 50 என்ற எண்களின் பொருளை அப்போதுதான் படித்தறிந்தேன். முதல் எண் குளிரில் ஒயில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது, இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில். மருமகனின் கனடாக் காருக்கு 0 டபிள்யூ 20. பூச்சியத்துக்குக் கீழ் முப்பத்தைந்து பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் ஒயில் அது. பரந்தனில் பங்குனி வெயிலுக்கு அதனால் என்ன பயன்!

2006 ஓகஸ்ட்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. மண்ணெண்ணெய் வாடை மீண்டும் வந்தது. 2009இன் முதல் நாட்களிலேயே பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் கைக்குப் போயின. மக்கள் அதே முல்லைத்தீவு வீதியால், இம்முறை கடற்கரை வரைக்கும் போனார்கள். அதைப் பற்றி இந்தப் பதிவில் எழுதப்போவதில்லை. போர் முடிந்த பின் முள்ளிவாய்க்கால் பக்கம் போனபோது, கறள் பிடித்துக் குவிந்து கிடந்த மோட்டார் சைக்கிள்களையும் உழவு இயந்திரங்களையும் கண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். எத்தனை பேர் அவற்றுக்குக் கஞ்சி ஊற்றி அதுவரை ஓட்டி வந்தார்களோ.

மீள்குடியேற்றத்தின் பின் பரந்தனிலேயே தங்கிவிட்டேன். 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, தெற்கிலுள்ள பத்திரிகை நண்பர்கள் தொலைபேசியில் என்னிடம் யோசனை கேட்டார்கள். "உங்களுக்குத்தான் மண்ணெண்ணெயில் ஓட்டத் தெரியுமே!" என்றார் ஒருவர். தெரியும். ஆனால் இன்றைய எஞ்சின்களில் பலவற்றில் கார்புரேற்றரே இல்லை. மண்ணெண்ணெயும் இல்லாமல் மீனவர்களின் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. எஞ்சின் ஒயிலும் எட்டாத விலைக்குப் போனது. மாற்றுவதை ஒத்திப்போட்டவர்களின் எஞ்சின்கள் எங்கள் சந்திக் கராஜுக்கு வரத் தொடங்கின. நான் அந்த ஆண்டு ஒருமுறைகூட ஒத்திப்போடவில்லை.

மருமகன் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. வடித்த ஒயிலை என்ன செய்வது? அவனுடைய நகரில் அதை வாங்கிக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. பேணியில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். தடைக்காலத்தில் எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ஒரு துளியும் மண்ணுக்குப் போகாது. வடிகட்ட முடியாத கசடு கூட வேலிக்கட்டைகளுக்குக் கறையான் மருந்து. ஒயில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்தான் அதை வாய்க்காலோரம் ஊற்றுவதைக் கண்டேன். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதன் பின்னும் எங்கள் வாய்க்காலோரத்தில் கறுப்புத் திட்டுகளைக் காண்கிறேன். இரணைமடுத் தண்ணீர் வயலுக்குப் போகும் வாய்க்கால் அது.

என் வீட்டுப் பின்புறத்தில், கிணற்றுக்கு எட்ட, மூடி இறுக்கிய இரண்டு பேணிகள் இருக்கின்றன. சந்திக் கராஜ்காரர் மற்றப் பேணிகளோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அயலவர் ஒருவரும் தன் புது வேலிக்கட்டைகளுக்குப் பூசவென்று ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறார். பூசினால் அதுவும் மாரி மழையோடு மண்ணுக்குத்தானே போகும் என்றேன். "கறையானுக்கு வேறை என்ன செய்யிறது மாஸ்ரர்?" என்றார். பத்திரிகைக்காரனை மாஸ்ரர் என்பது எங்கள் ஊர் வழக்கம். பேணிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.